இரத்தப் புற்றுநோயும் ஒரு வைரசும்

தொற்றுமா? தொற்றாதா?

ஒரு வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. செய்தி தெரு முழுவதும் பரவுகிறது. சிலர் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கிறார்கள். குழந்தைகளை அவர் அருகில் விடுவதில்லை. "இது ஒட்டுவாரொட்டி நோய்" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இது சரிதானா?

சரியல்ல. இரத்தப் புற்றுநோய் ஒருவரைத் தொடுவதால் வராது. அவர் உண்ட தட்டில் உண்பதால் வராது. அவரோடு ஒரே பாயில் படுப்பதாலும் வராது.

ஆனால் ஓர் உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஓர் அரிய வகை, ஒரு வைரஸ் கிருமியால் தொடங்குகிறது. அந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடும். வைரஸ்தான் போகும். புற்றுநோய் போகாது.

இந்த வேறுபாட்டை ஜப்பான் நாட்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதனால் பல குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

இரத்தத்தில் என்ன இருக்கிறது?

இரத்தம் பார்ப்பதற்குச் சிவப்பு நீர் போல இருக்கும். நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் அதில் ஏராளமான அணுக்கள் தெரியும்.

சிவப்பணுக்கள் உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு செல்கின்றன. தட்டணுக்கள் காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைக்கின்றன. வெள்ளணுக்கள் நோய்க் கிருமிகளோடு போராடுகின்றன. அவை உடலின் காவல்காரர்கள்.

வெள்ளணுக்களிலும் பல வகை உண்டு. அவற்றுள் ஒரு வகைக்கு டி அணு என்று பெயர். எந்தக் கிருமியை எப்படி எதிர்ப்பது என்று மற்ற அணுக்களுக்கு வழிகாட்டுவதும், கிருமி புகுந்த அணுக்களை அழிப்பதும் இவற்றின் வேலை.

அணுக்கள் பிறக்கும், வேலை செய்யும், பிறகு மடியும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. சில வெள்ளணுக்கள் இந்தக் கணக்கை மீறிப் பெருகத் தொடங்கலாம். மடிய வேண்டிய நேரத்தில் அவை மடிவதில்லை. வயலில் களை பெருகிப் பயிரை நெருக்குவது போல, அவை நல்ல அணுக்களை நெருக்குகின்றன. இதுதான் இரத்தப் புற்றுநோய். மருத்துவர்கள் இதை லுக்கேமியா என்று சொல்வார்கள்.

கியூஷு தீவின் நோயாளிகள்

ஜப்பான் பல தீவுகள் சேர்ந்த நாடு. அதன் தென்மேற்கில் கியூஷு என்ற பெரிய தீவு இருக்கிறது. நாகசாகி நகரம் அங்கேதான் உள்ளது.

1970களில் கியோட்டோ நகரத்து மருத்துவர்கள் சில நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்களுள் ஒருவர் டாக்டர் கியோஷி தகாட்சுகி. அந்த நோயாளிகள் எல்லாரும் வயதுவந்தவர்கள். அவர்களுக்கு நெறி கட்டியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்புகள் இருந்தன. ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. அவர்களுடைய டி அணுக்களின் உருவமே மாறியிருந்தது. அணுவின் நடுப்பகுதி பூவின் இதழ்கள் விரிந்தது போல் இருந்தது.

இது அதுவரை தெரிந்த எந்த வகையிலும் சேரவில்லை. எனவே மருத்துவர்கள் மேலும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள்?"

பெரும்பாலோர் சொன்ன விடை ஒன்றாகவே இருந்தது. அவர்கள் கியூஷு தீவில் பிறந்தவர்கள். பிழைப்புக்காக வேறு ஊருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும், நோய் அவர்களைத் தேடி வந்திருந்தது.

1977ஆம் ஆண்டு அந்த மருத்துவர்கள் இதை ஒரு புதிய நோய் என்று உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு 'வயதுவந்தோர் டி அணு லுக்கேமியா' என்று பெயர் வைத்தார்கள்.

நாகசாகியில் 1945ஆம் ஆண்டு அணுகுண்டு போடப்பட்டது. அந்தக் கதிர்வீச்சால் பலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது உண்மை. ஆனால் அவை வேறு வகைகள். இந்தப் புதிய நோய்க்கும் குண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. குண்டு விழாத ஊர்களிலும் இந்த நோய் இருந்தது.

அப்படியானால் கியூஷு மக்களிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

வைரஸ் பிடிபட்டது

விடை இரண்டு நாடுகளில் கிடைத்தது.

அமெரிக்காவில் ராபர்ட் காலோ என்ற விஞ்ஞானியின் குழு, டி அணுப் புற்றுநோய் வந்த ஒருவரின் அணுக்களில் ஒரு புதிய வைரசைக் கண்டது. 1980ஆம் ஆண்டு அந்தச் செய்தி வெளியாயிற்று.

ஜப்பானில் டாக்டர் இசாவோ மியோஷி, நோயாளி ஒருவரின் அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். டாக்டர் யோரியோ ஹினுமா அந்த அணுக்களை ஆராய்ந்தார். அவற்றில் வைரஸ் இருப்பது தெரிந்தது.

ஒரு வைரஸ் உடலுக்குள் நுழைந்தால், உடல் அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அந்த வைரஸ் அவர் உடலுக்குள் நுழைந்திருக்கிறது என்று அறியலாம். திருடன் வந்து போன வீட்டில் கால் தடம் இருப்பது போல.

ஹினுமா இந்தத் தடத்தைத் தேடினார். அவர் சோதித்த இந்நோயாளிகள் 44 பேர். 44 பேரின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருந்தது. நோய் மிகுந்த பகுதிகளில் வாழும், உடல்நலத்தோடு இருந்த பெரியவர்களையும் சோதித்தார். 100க்கு 26 பேரிடம் அது இருந்தது. மற்றப் பகுதிகளில் மிகச் சிலரிடமே இருந்தது. இது 1981ஆம் ஆண்டு வெளியான செய்தி.

மியோஷி இன்னொரு சோதனையும் செய்தார். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்து நல்ல வெள்ளணுக்களை எடுத்தார். அவற்றை நோயாளியின் அணுக்களோடு ஒரே பாத்திரத்தில் வைத்தார். வைரஸ் நல்ல அணுக்களுக்குள் புகுந்தது. அவையும் ஓயாமல் பெருகத் தொடங்கின.

அமெரிக்காவில் கண்ட வைரசும் ஜப்பானில் கண்ட வைரசும் ஒன்றே என்று பிறகு உறுதியாயிற்று. அதன் பெயர் எச்.டி.எல்.வி.-1. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவான இந்த வகை வைரஸ்களில் இதுவே முதலாவது.

எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வேறு, இது வேறு. இரண்டும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் எச்.ஐ.வி. அணுக்களை அழிக்கிறது. எச்.டி.எல்.வி.-1 அணுக்களைப் பெருக வைக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

இந்த வைரஸ் டி அணுவுக்குள் நுழைகிறது. அணுவின் மரபுப் பொருளோடு தன்னையும் சேர்த்து ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு இரண்டாகப் பிரியும்போது வைரசும் இரண்டாகிறது. அணு நான்காகும்போது வைரசும் நான்காகிறது. அணுவைத் தூண்டிப் பெருக வைக்கும் பொருளையும் அது உண்டாக்குகிறது. இப்படி அது ஆயுள் முழுவதும் உடலில் தங்கிவிடுகிறது.

ஆனால் வைரஸ் நுழைந்த உடனே புற்றுநோய் வந்துவிடாது. அணுவில் வேறு பல மாற்றங்களும் ஒன்றன் பின் ஒன்றாக நடக்க வேண்டும். அதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும். குழந்தைப் பருவத்தில் வைரஸ் நுழைந்தவருக்கு, பேரப்பிள்ளை எடுத்த பிறகு நோய் வரலாம். ஜப்பானில் இந்நோய் பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் தெரிகிறது.

பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. இந்த வைரஸ் உள்ள 100 பேரில், வாழ்நாள் முழுவதிலும் சுமார் 3 முதல் 5 பேருக்கே இந்தப் புற்றுநோய் வருகிறது. மற்றவர்கள் வேறு யாரையும் போல வாழ்ந்து முடிக்கிறார்கள்.

சிலருக்கு இதே வைரசால் இன்னொரு தொல்லை வரலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் மெல்ல மெல்ல விறைத்துப் பலம் இழக்கும். சிறுநீர் கழிப்பதிலும் சிரமம் ஏற்படும். இதற்கும் வைரசுக்கும் உள்ள தொடர்பு 1985இல் மார்ட்டினிக் தீவிலும், 1986இல் ஜப்பானின் ககோஷிமாவிலும் தெரிய வந்தது.

எப்படிப் பரவும்? எப்படிப் பரவாது?

இந்த வைரஸ் தனியாக அலைவது குறைவு. அது வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஓர் அணு இன்னோர் அணுவை ஒட்டி நிற்கும்போதுதான் அது தாவுகிறது. எனவே உயிருள்ள வெள்ளணு ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போனால்தான் இது பரவும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு:

1. தாய்ப்பால் வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்கு.
2. உடலுறவு வழியாக.
3. வைரஸ் உள்ளவரின் இரத்தத்தை ஏற்றுவதால், அல்லது அவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போடுவதால்.

தொடுவதால் பரவாது. இருமல், தும்மலால் பரவாது. தண்ணீர், சோறு, துணி, கழிப்பறை வழியாகப் பரவாது. கொசு கடிப்பதாலும் பரவாது.

ஒரே தீவில், ஒரே குடும்பங்களில் இந்த வைரஸ் தலைமுறை தலைமுறையாக இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். தாய் குழந்தைக்குக் கொடுத்தாள். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், அவளும் வளர்ந்து தன் குழந்தைக்குக் கொடுத்தாள். யாருக்கும் தெரியாமலே இது நடந்தது.

நாகசாகித் தாய்மார்கள்

1980களின் நடுவில் ஜப்பானிய மருத்துவர்கள் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். வைரஸ் உள்ள தாயின் பாலில், வைரஸ் புகுந்த அணுக்கள் இருந்தன. குழந்தைப் பருவத்தில் வைரஸ் பெற்றவர்களுக்கே பிற்காலத்தில் இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது.

இப்போது ஒரு கடினமான கேள்வி எழுந்தது. தாய்ப்பால் அமுதம் போன்றது. அதைத் தர வேண்டாம் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அதுவும் 100க்கு 3, 4 பேருக்கு 60 ஆண்டுக்குப் பின் வரக்கூடிய நோய்க்காக! ஆனால் அந்த நோய் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது கடினம்.

1987ஆம் ஆண்டு நாகசாகியில் ஒரு திட்டம் தொடங்கியது. டாக்டர் ஷிகேயோ ஹினோ இதில் முன்னின்றார். கர்ப்பிணிகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. முதல் சோதனையில் வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால், வேறொரு சோதனையும் செய்து உறுதி செய்துகொண்டார்கள். வைரஸ் உள்ள தாயிடம் மருத்துவர் தனியாக உட்கார்ந்து பேசினார். நன்மை, தீமை இரண்டையும் விளக்கினார். புட்டிப்பால் கொடுக்கும்படி அறிவுரை சொன்னார். முடிவு எடுக்க வேண்டியவள் தாய்தான்.

பலன் என்ன?

வைரஸ் உள்ள தாயிடம் நீண்ட காலம் பால் குடித்த 100 குழந்தைகளில் சுமார் 20 குழந்தைகளுக்கு வைரஸ் வந்தது. புட்டிப்பால் மட்டும் குடித்த 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்கே வந்தது. அந்தச் சிலருக்கு வேறு வழியில் வந்திருக்க வேண்டும். ஆனாலும் பெரும் பங்கு தடுக்கப்பட்டது.

இரத்தம் ஏற்றுவதால் பரவுவதையும் ஜப்பான் நிறுத்தியது. 1986ஆம் ஆண்டு முதல் தானமாகக் கிடைக்கும் இரத்தத்தில் இந்த வைரஸ் உள்ளதா என்று சோதிக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு, நாடு முழுவதும் கர்ப்பிணிகளைச் சோதிக்க ஜப்பான் அரசு முடிவு செய்தது. பிழைப்புக்காக ஊர் மாறியவர்களோடு வைரசும் மற்ற நகரங்களுக்குப் போயிருந்ததே காரணம்.

நம் நாட்டுத் தாய்மார்கள் கவனிக்க

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இது மிக முக்கியம்.

இந்த வைரஸ் உலகில் எல்லா இடங்களிலும் பரவலாக இல்லை. தென்மேற்கு ஜப்பான், கரிபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் சில பகுதிகள், ஆப்பிரிக்காவின் சில பகுதிகள், வடகிழக்கு ஈரான், ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் இது அதிகம். நாகசாகியில் சோதித்துப் பார்த்து, வைரஸ் உள்ள தாய்மார்களிடம் மட்டுமே புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே சுத்தமான குடிநீர் உண்டு. பால்மாவு வாங்கவும் வசதி உண்டு.

தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அது உயிருக்கே ஆபத்து. எனவே குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்குப் பின் வேறு உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், உரிமம் பெற்ற இரத்த வங்கியிலிருந்தே வாங்க வேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள்காமாலை வைரஸ்கள், மேகப்புண், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது விதி. பணத்துக்காக இரத்தம் விற்பது 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஊசி போடும்போது, புதிய ஊசி உறையைப் பிரிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

நோய் வந்தால்?

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டி, வாரக்கணக்கில் கரையாமல் இருக்கலாம். தோலில் ஆறாத தடிப்பு வரலாம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து தாகம், மலச்சிக்கல், மனக் குழப்பம் உண்டாகலாம். காய்ச்சலும் களைப்பும் நீடிக்கலாம். காசநோய் போன்ற வேறு நோய்களிலும் நெறி கட்டும். எனவே தாமாகவே முடிவு செய்து பயப்படக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த நோயில் நான்கு வகை உண்டு. இரண்டு வகைகள் மெதுவானவை. மற்ற இரண்டும் வேகமானவை. வேகமான வகைக்கு மருத்துவம் செய்வது இன்றும் கடினமே. புற்றுநோய் மருந்துகள் தருகிறார்கள். சிலருக்கு வேறொருவரின் நல்ல இரத்த மூல அணுக்களைச் செலுத்துகிறார்கள். 2012ஆம் ஆண்டு மோகாமுலிசுமாப் என்ற புதிய மருந்துக்கு ஜப்பான் அனுமதி தந்தது. ஆனால் இந்த வைரசைத் தடுக்கத் தடுப்பூசி இன்னும் இல்லை.

வேறு சில புற்றுநோய்களும் வைரசால் தொடங்குகின்றன. அவற்றுள் இரண்டுக்குத் தடுப்பூசி உண்டு. மஞ்சள்காமாலை பி வைரஸ் ஈரல் புற்றுநோயை உண்டாக்கலாம். அதற்கான தடுப்பூசி குழந்தை பிறந்தவுடனே போடப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கும் தடுப்பூசி இருக்கிறது.

நோயாளி வேறு, கிருமி வேறு

பெரும்பாலான இரத்தப் புற்றுநோய்களுக்கும் இந்த வைரசுக்கும் தொடர்பே இல்லை. தொடர்பு உள்ள அந்த அரிய வகையிலும், நோயாளியின் பக்கத்தில் உட்காருவதால் யாருக்கும் எதுவும் வராது.

ஜப்பானில் நோயாளிகளை யாரும் ஊரை விட்டு ஒதுக்கி இந்த நோயைத் தடுக்கவில்லை. எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி போகும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியை மட்டும் அடைத்தார்கள்.

நோயாளியின் தட்டைத் தனியே வைப்பதால் நோய் குறையாது. அவர் மனம்தான் நோகும். தட்டை ஒன்றாக வைத்து, கூடவே மருத்துவமனைக்குப் போவதுதான் அவருக்கு உதவி.

புதிய சொற்கள்

எதிர்ப்பொருள் – கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்.
லுக்கேமியா – இரத்தப் புற்றுநோய்.
டி அணு – வெள்ளணுக்களில் ஒரு வகை.
நெறி கட்டுதல் – கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் சிறு கட்டிகள் வீங்குதல்.
உரிமம் – அரசு தரும் அனுமதி.

விடை சொல்லுங்கள்

1. ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளிகளிடம் கேட்ட கேள்வி என்ன? அதனால் என்ன தெரிந்தது?
2. எச்.டி.எல்.வி.-1 பரவும் மூன்று வழிகள் யாவை?
3. இந்த வைரஸ் உள்ள 100 பேரில் சுமார் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது?
4. நாகசாகியில் சில தாய்மார்களுக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார்கள். நம் நாட்டுத் தாய்மார்கள் அப்படிச் செய்யக் கூடாது. ஏன்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் எந்தெந்த நோயாளிகளை மக்கள் ஒதுக்கி வைக்கிறார்கள்? அந்த நோய்கள் உண்மையில் எப்படிப் பரவுகின்றன? சுகாதார ஊழியரை அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.